பனிக்கோடும் மலைப்பாதையும்

கிரிவலம் வந்த களைப்பில் அடி அண்ணாமலையில் ஓர் இளநீர்க் கடையில் நிற்கிறேன். காயைச் சீவிக்கொண்டே கடைக்கார அக்கா என் வேலையைக் கேட்கிறார்.

"விமானத்துல போயி துருவத்துப் பனியை அளக்குறோம்க்கா. போன வருஷம் பறந்த கோட்டு மேலயே பறக்கணும். திரையில காட்டுற முள்ளு அந்தக் கோட்டை விட்டு விலகுனா பைலட்டுக்குச் சொல்றது என் வேலை. கொஞ்சம் தள்ளிப் போனாலும் பனி எவ்ளோ கரைஞ்சிருக்குனு சரியா தெரியாது."

"ஆமாங்க, ஒரே வழியில வந்தாத்தான் தெரியும். போன வருஷம் நீங்க தடி ஊனிக்கினு வந்தீங்க. அந்தக் கல்லுல ஒக்காந்துட்டு எழுந்திருக்க முடியல. இப்ப நொண்டறது கம்மியாயிடுச்சு."

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்னை யாரும் இப்படி அளந்து சொன்னதில்லை. குனிந்து முழங்காலைத் தடவிப் பார்க்கிறேன்.

அக்கா இளநீரை நீட்டுகிறார். "அடுத்த வருஷமும் இங்கயே வந்து நில்லுங்க. பாத்துச் சொல்றேன்."