மூன்று முறை பொந்தியானுக்குப் போன கோட்டு

என் முதல் போட்டோவைக் கெடுத்தது என் அக்காள் கணவர்தான். மச்சான் என்று கூப்பிடுவேன். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். மழுப்புகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

செனாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறி, பால் எடுத்துக்கொண்டிருந்தேன். பொந்தியானில், அன்னாசித் தோட்டத்துக் குடும்பம் ஒன்றில் எனக்குப் பெண் கேட்டிருந்தோம். இரண்டு வீட்டுக்கும் தெரிந்தவர் அன்னாசி ஏற்றும் லாரிக்காரர். ஒருநாள் அவர் வந்து, "பொண்ணு உன் மூஞ்சியப் பாக்கணும்ங்குது. ஒரு போட்டோ எடுத்துக் குடு, அப்புறந்தான் பேச்சு" என்றார்.

மச்சான் அதற்கு முன்பு ஒரே ஒரு தடவை காமிராவுக்கு எதிரே நின்றவர். அந்த ஒரு தடவையை வைத்துக்கொண்டு நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வாத்தியாராகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்னோடு பஸ் ஏறினார். போட்டோ கடை இருக்கும் ஜொகூர் பாரு பட்டணம் போய்ச் சேரும்வரை பாடம்தான்.

"கண்ணச் சிமிட்டாத. பல்லக் காட்டாத. மூச்ச இழுத்து உள்ளயே நிறுத்திக்க, அப்பத்தான் நெஞ்சு எடுப்பா இருக்கும். கடையில கோட்டு இருக்கும், கேட்டு வாங்கிப் போட்டுக்க."

"எனக்கு எதுக்கு மச்சான் கோட்டு?"

"பொண்ணு வீட்டுக்காரங்க உன்னப் பாக்க மாட்டாங்கடா. கோட்டத்தான் பாப்பாங்க."

அவர் சொன்னதில் பலித்தது அது ஒன்றுதான்.

போட்டோ கடைக்காரர் என் வயதுச் சீனர். ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துக் கொடுத்தார். மேலிருந்து மூன்றாவது பித்தான் இல்லை. காலரில் யார் யாரோ தலைக்குத் தடவிய எண்ணெய் நாறியது. மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரைக்கு முன்னால் நின்று மூச்சை நிறுத்தினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் வெளியே வரவே இல்லை. எனக்குக் காது அடைத்தது. "இன்னும் நெஞ்ச நிமித்து" என்றார் மச்சான். படம் வந்தது. தொண்டையில் மீன் முள் சிக்கியவனுக்கு யாரோ கோட்டு மாட்டிவிட்ட மாதிரி இருந்தேன். அதைத்தான் மச்சான் பொந்தியானுக்கு அனுப்பிவைத்தார்.

பத்து நாளில் லாரிக்காரர் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"பொண்ணோட ஆத்தா சொல்லுது, இந்தக் கோட்டு எங்க வீட்டுக்கு வர்றது மூணாவது தடவையாம். மாப்பிள்ளைதான் மாறி மாறி வர்றாராம். கோட்டுக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியாது, உள்ள ஆளு யாராச்சும் இருந்தா காட்டுங்கன்னு."

எங்கள் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் எனக்கு முன்பே அந்த வீட்டுக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள். அதே கோட்டு. அதே இல்லாத பித்தான். அவர்களுக்கு யோசனை சொன்னது யார் என்று கேட்டேன். மச்சான் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். கோட்டை எடுக்கப்போன சீனரைத் தடுத்தேன். ஏன் என்று மலாயில் கேட்டார். அவ்வளவுதான். பாதி மலாய், பாதி தமிழ், மச்சானைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். மூன்று படமும் ஒரே வீட்டுக்குப் போன கதையைக் கேட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். அந்த அழுக்குக் கோட்டையும் சேர்த்துத் திட்டினேன். அதற்கும் சிரித்தார்.

திட்டி முடித்தபோது என் தோள் தானாக இறங்கியிருந்தது. கையை எங்கே வைப்பது என்ற கவலையே இல்லை. காலையில் வெட்டு முடித்துவிட்டு, மரத்தடியில் பால் சொட்டுவதைப் பார்த்து நிற்பேனே, அப்படிக் கை அது பாட்டுக்கு இடுப்பில் இருந்தது. சீனர் அதைப் பார்த்துவிட்டார். "டியாம்" என்றார், அசையாதே என்று. அசையவில்லை. மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு விட்டால் படம் கெடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் படம் திரும்பி வரவில்லை. கல்யாணமாகிப் பெண் வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். இதில் என்ன கண்டாய் என்று கேட்டேன்.

"யாரையோ நல்லாத் திட்டிட்டு வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு. மனசுல வச்சுக்கிற ஆளு இல்லன்னு தெரிஞ்சுது" என்றாள்.

இப்போது அந்தப் படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பெண் பார்க்கிற வயதில் யார் இருந்தாலும் மச்சான் அழைத்துவந்து காட்டுகிறார். "பாத்துக்க, நான் சொல்லிக்குடுத்து நின்னவன்" என்கிறார், என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே. போன மாதம் ஒருவன் அந்தப் பேச்சை நம்பிப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே கோட்டில் நின்றுவிட்டு வந்திருக்கிறான்.

இதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியாது. திரும்பி வந்த முதல் படம் என்னிடம்தான் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்குத் தோட்டம் மொத்தமும் கூடும். அன்று இரண்டு படத்தையும் கொண்டுவருகிறேன். மச்சான் எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்லட்டும். மூச்சை அடக்கச் சொன்னது யார்? அந்தக் கோட்டை மூன்று முறை பொந்தியானுக்கு அனுப்பியது யார்?