மூன்றாம் பலகைக்காரி

உலகம் தோன்றிய நாள் முதல் இன்று காலை வரை பிறந்த மனிதர்களில் நேர்மையில் முதலிடம் என் தங்கைக்கு. இரண்டாம் இடத்துக்கு ஆள் அகப்படாததால் அதுவும் அவளுக்கே. சும்மா சொல்லவில்லை. சாட்சி வேண்டுமானால் எங்கள் சமையலறைக்கு வாருங்கள். நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்து, ஒரு கருகிய பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கிறாள். தட்டில் பொன்னிறமாக இன்னும் ஆறு இருக்கின்றன. ஆனால் விரல் முதலில் பட்டது கருகியதன் மேல்.

"அதை வெச்சுட்டு வேற எடுடி" என்கிறார் அம்மா.

"தொட்டாச்சும்மா."

அம்மா அதற்குமேல் பேசுவதில்லை. சதுரங்கத்தில் எந்தக் காயைத் தொட்டாயோ அதையே நகர்த்த வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஊரில் எல்லோரும் அதைப் பலகையோடு விட்டுவிடுவார்கள். இவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அலமாரியில் கை பட்ட சட்டையைத்தான் போடுவாள், அது பொத்தான் இல்லாததாக இருந்தாலும். பள்ளி நூலகத்தில் தெரியாமல் தொட்டுவிட்ட ஒரு புத்தகத்துக்காகத் தேனீ வளர்ப்பைப் பற்றி நூற்றிருபது பக்கம் படித்தாள். இப்போது தேனீயைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.

தப்பிக்க ஒரே வழி, தொடுவதற்கு முன்னால் "சரி பண்றேன்" என்று சொல்வது. கோணலாக நிற்கும் காயை நேராக வைப்பதற்கான அனுமதி அது. வேலைக்குக் கிளம்பும் அப்பாவின் காலரை மடித்துவிடும்போதும் "சரி பண்றேன்பா" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பாள். சொல்லாமல் தொட்டால் அப்பாவை எங்கேயாவது நகர்த்த வேண்டியிருக்குமே!

நான் யார் என்று கேட்டால், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய மனதோடு விடை கொடுத்தவன். பழைய மேசை நாற்காலிகளைத் தேய்த்து மெருகு போடும் கடையில் வேலை. என் விரல் நுனிகள் எப்போதும் பழுப்பாக இருக்கும். எந்தச் சோப்புக்கும் மசியாது. செஸ் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. "இந்தக் குதிரைக்கு மட்டும் கால்ல என்ன கோளாறு, நேரா போகவே மாட்டேங்குது?" என்று மாதம் ஒருமுறையாவது கேட்டு அவளைத் தலையில் அடித்துக்கொள்ள வைப்பேன்.

அவளுடைய சட்டத்தை நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன். "இதைக் கொஞ்சம் பிடி" என்று துடைப்பத்தை நீட்டுவேன். வாங்குவாள். "தொட்டுட்டியே, பெருக்கு." இரண்டு வாரம் என் பங்கு வேலை முழுவதையும் அவளே செய்தாள். மூன்றாவது வாரம் விதிப்புத்தகத்தோடு வந்து நின்றாள். "நகர்த்தணும்னு நெனச்சுத் தொட்டாதான் கணக்கு. அடுத்தவங்க கைல திணிச்சா செல்லாது. பதினாலு நாள் பெருக்கினது பாக்கி இருக்குண்ணா." அந்தப் பதினாலு நாளையும் ஒன்று விடாமல் என்னிடம் வசூலித்துவிட்டாள்.

நாலாம் வகுப்பு. பள்ளியின் செஸ் அணியில் மூன்றாம் பலகை. ஓர் அணிக்கு நான்கு பேர், நான்கு பலகை. நன்றாக ஆடுகிறவர் முதல் பலகை, அப்படியே வரிசையாக. முதல் பலகையில் இருப்பவன் அணித்தலைவன், மூக்குக் கண்ணாடிக்காரன். அதனால் அவன் பெயரே கண்ணாடி. இரண்டாம் பலகையில் ஒரு பெண். எதிராளி யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு மூச்சை அடக்குவது போல. நான்காவது, இரண்டாம் வகுப்புப் பொடியன். முன்பல் இரண்டு இல்லை. 'செக்' என்று அவன் சொன்னால் காற்று மட்டும்தான் வரும், எதிராளி "என்ன?" என்று கேட்பதற்குள் பாதி நேரம் போய்விடும்.

பயிற்சி நடப்பது விளையாட்டுச் சாமான் அறையில். காற்றுப்போன பந்துகள், சிக்கு விழுந்த கயிறுகள், ஒரு காலுடைந்த வலைக் கம்பம், நடுவில் இரண்டு பெஞ்ச். வேறு அறை கிடைக்காததால் அணிக்குப் பொறுப்பும் விளையாட்டு சார் தலையில் விழுந்தது. அவருக்கும் செஸ் தெரியாது. ஆனால் குரல் உண்டு, விசில் உண்டு. விசில் ஊதினால் ஆட்டம் தொடங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "முன்னாடி போங்க! பின்வாங்கக் கூடாது! கால் முன்னாடியே போகணும்!" என்று கத்துவார். பிள்ளைகளும் அப்படியே வளர்ந்தார்கள். இந்த அணியில் ஒரு காய் முன்னால் போனால் போனதுதான். பின்னால் வரும் பாதை என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் பெரிய போட்டிக்குப் போகும். வெளியூர், இரண்டு இரவு, லிப்ட் வைத்த விடுதி. என் தங்கை லிப்டில் ஏறியதே இல்லை. ஒரு வாரம் முன்பே பையைக் கட்டிவிட்டாள். ஆனால் உண்மையான தவிப்பு கண்ணாடிக்குத்தான். அவனும் இரண்டாம் பலகைப் பெண்ணும் ஐந்தாம் வகுப்பு. அடுத்த வருடம் வேறு பள்ளி. இந்த அணியோடு போக வேண்டுமென்றால் இதுதான் கடைசி வாய்ப்பு.

பை தூக்க ஆள் வேண்டும் என்று அம்மா என்னைத் துரத்தினார். வேறு எதற்காகவும் நான் போகவில்லை. நடுவர் முதல் வேலையாக விளையாட்டு சாரின் விசிலைப் பறிமுதல் செய்தார். விசில் இல்லாத சார், கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். பெரியவர்கள் உள்ளே போகக்கூடாது. நான் கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன், பொழுது போகாமல்.

கடைசிச் சுற்று. இரண்டு புள்ளி எடுத்தால் போதும், இரண்டாம் இடம். அணித்தலைவன் வென்றான்: ஒன்று. பேச்சுக்காரி தோற்றாள். பொடியன் சமன் செய்தான்: அரை. மீதி என் தங்கை. ஜெயிக்கக்கூட வேண்டாம், சமன் செய்து அரைப்புள்ளி கொண்டுவந்தாலே பெரிய போட்டி. அவளோ ஜெயிக்கிற நிலையில் இருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யானையை நேராகக் கடைசி வரிசைக்கு ஏற்றினால் எதிராளியின் ராஜா அங்கேயே முடிந்தான் என்பது மட்டும் எப்படியோ பட்டது.

அவளும் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததுதான் வினை. கண் முழுக்க அந்தக் கடைசி வரிசையில் இருந்தது. கை தானாகப் போய், யானைக்குப் பக்கத்தில் நின்ற மந்திரியின் கழுத்தைப் பிடித்தது. கோணலாகவே போகிற காய். ஓர் அரை அங்குலம் தூக்கிவிட்டாள். அப்புறம்தான் குனிந்து பார்த்தாள். வைத்துவிட்டாள்.

எதிரே இருந்த பையன், விழுந்த பென்சிலைத் தேடி மேசைக்கு அடியில் இருந்தான். நடுவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேறு மேசையில். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், என் பக்கத்தில் தன் ஆட்டத்தை முடித்து வெளியே வந்திருந்த அணித்தலைவன் கண்ணாடி. இரண்டு பேரும் ஒன்றும் பார்க்காதது போல நின்றோம். 'யானையை எடு. யாரும் பார்க்கல. எடு தாயே' என்று நான் வேண்டிக்கொண்டேன். பொய் சொல்வதில் எனக்குள்ள அனுபவத்தில் கால் பங்கு இருந்தாலும் ஒரு குழந்தை அந்த நேரத்தில் பிழைத்திருக்கும்.

அவள் மேசைக்கு அடியில் குனிந்து, அந்தப் பையனின் தோளைத் தட்டி, மந்திரியைக் காட்டினாள். உதடு அசைந்தது தெரிந்தது. எந்த வார்த்தை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.

மந்திரியை முன்னால் பாய்ச்சி, எதிராளியின் ராணியை மிரட்டினாள். அவன் ராணியைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. தன் யானையை அவள் ராஜா நின்ற வரிசைக்கே இறக்கினான். ராஜாவின் முன்னால் அவளுடைய சொந்தச் சிப்பாய்களே வழி மறித்து நின்றன. முடிந்தது. அவள் கை கொடுத்தாள், காய்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கினாள், வெளியே வந்தாள்.

திரும்பி வரும்போது வேனில் சார் எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்தார். "மூணாவது இடம்னா சும்மாவா?" என்றார். திரும்பக் கிடைத்த விசிலை ஊதவும் அவருக்கு மனம் வரவில்லை. பேச்சுக்காரி முதல்முறையாகப் பேசாமல் இருந்தாள். கடைசியில் கண்ணாடிதான் கேட்டான்.

"ஏய், ஒண்ணு கேக்கட்டுமா? உண்மையச் சொல்லு. நீ தொட்டேன்னு சொன்னதால தோத்தமா, இல்ல, மந்திரியைத் தப்பான எடத்துல வெச்சதால தோத்தமா?"

"தெரியல."

"தப்பா வெச்சிருந்தா பரவால்ல. எல்லாரும்தான் தப்பா ஆடறோம், நானும்தான். ஆனா சொன்னதாலன்னா…" என்று நிறுத்தினான். "அப்ப நான் உங்கூட பேச முடியுமான்னு தெரியல. கோவமா இருக்கு."

"சரி. கண்டுபுடிச்சுச் சொல்றேன்" என்றாள் அவள், கடையில் விலை விசாரித்து வருவது போல.

அன்று மாலையிலிருந்து அந்த நிலை எங்கள் சமையலறை மேசையில் அப்படியே நிற்கிறது. மந்திரியைத் தொட்ட கணம். பலகையின் ஒரு பக்கம் இரவல் வாங்கிய செஸ் கடிகாரம், இன்னொரு பக்கம் அம்மா காய் நறுக்குகிறார். "நாங்க சாப்பிட எங்கடி உக்கார்றது?" என்றால், "சுவரோரமா" என்கிறாள். மந்திரிக்குப் போக எட்டு இடம் இருக்கிறது என்று எண்ணி வைத்திருக்கிறாள். முன்னால் போகிற இடம் ஒவ்வொன்றையும் ஆடிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் தோற்று, நோட்டில் குறித்துக்கொள்கிறாள். தினமும் பள்ளியில் கண்ணாடி ஒன்றும் கேட்காமல் அவள் முகத்தைப் பார்ப்பானாம். அவள் தலையை ஆட்டுவாளாம். அவ்வளவுதான் ஒரு வாரப் பேச்சு.

அதற்காக அழுகிறாள், சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். குளிக்கும்போது பாடுகிறாள். தேனீயைப் பற்றி அப்பாவுக்குப் பாடம் எடுக்கிறாள். கட்டிய பையை மட்டும் அவிழ்க்கவில்லை. "அடுத்த வருசமும் போட்டி இருக்குல்ல? மறுபடி எதுக்குக் கட்டணும்?"

இவ்வளவையும் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். கருகிய பிஸ்கட் முடிந்திருந்தது. தங்கை கை கழுவக் கொல்லைப்பக்கம் போயிருந்தாள். அம்மாவும் இல்லை. பலகையும் நானும் மட்டும்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குறும்பு செய்கிறவன் முதலில் கற்க வேண்டியது ஒளிந்துகொள்ளும் இடம். முன்னால் பாய்வதெல்லாம் அப்புறம். அந்த வாரம் முழுவதும் கடையில் நாற்காலிக் கைகளைத் தேய்க்கும்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: இந்த மந்திரி ஏன் வீட்டுக்குத் திரும்பக் கூடாது? கோணலாகப் பின்னால் இரண்டு கட்டம் வந்தால், ஆட்டம் தொடங்கும்போது நின்ற அதே கட்டம், ராஜாவுக்கு ஒட்டிய பக்கம். எதிராளி யானை இறங்கினால் இறங்கட்டும். நடுவில் மந்திரி நிற்பான். அதற்குள் எதிராளி தன் ராஜாவுக்கு வழி திறந்துவிடுவான், ஜெயிக்க முடியாது. ஆனால் தோற்கவும் மாட்டோம். அரைப்புள்ளி.

சரியா என்று பார்க்கத்தான் விரலை நீட்டினேன். மந்திரியின் தலையைப் பிடித்தேன்.

"தொட்டாச்சு."

வாசற்படியில் நின்றாள். கையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லடி, சரி பண்ணேன். கோணலா இருந்துச்சு."

"முன்னாடியே சொல்லணும். சொல்லல."

"எனக்கு எப்படி ஆடணும்னே தெரியாதே! இது குதிரையா?"

அவள் சிரிக்கவில்லை. அலமாரி மேலிருந்து தன் ஆட்ட நோட்டை எடுத்தாள். ஆடிய ஆட்டங்களின் நகர்வுகளையெல்லாம் எழுதிவைக்கிற நோட்டு. அதை என் மூக்குக்கு நேரே விரித்தாள். பக்கத்தின் கீழ் மூலையில் பழுப்பாக ஒரு கட்டைவிரல் அடையாளம். அடுத்த பக்கத்திலும். அதற்கடுத்த பக்கத்திலும். ஐம்பது அறுபது ஆட்டம், ஒன்று விடாமல்.

"மெருகு வாசனை வேற" என்றாள். "மூணு மாசமாத் தெரியும்ணா. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

எனக்கு வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறை.

"சரி, நகர்த்து."

மந்திரியைப் பின்னால் இழுத்து, ராஜாவின் பக்கத்தில் வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். கருப்பு யானையை விரலால் தொடாமல் கண்ணாலேயே இறக்கிப் பார்த்தாள், மறுபடி ஏற்றினாள், வேறு வழியில் இறக்கினாள். உதடு முணுமுணுத்தது. நான் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் ஒட்டிக்கொண்டது போல மேசை விளிம்பில் ஒட்டிக்கொண்டேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நோட்டின் ஒரு மூலையைக் கிழித்து, பெரிய எழுத்தில் 'தப்பா வெச்சதால' என்று எழுதி, கண்ணாடிக்குக் கொடுப்பதற்காக நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் எட்டாமல் உட்கார்ந்தாள். கருப்புக் குதிரை ஒன்றை எடுத்து, எனக்குப் புரிவதற்காக மெதுவாக, இரண்டு கட்டம் நேராக, ஒரு கட்டம் பக்கவாட்டில் வைத்துக் காட்டினாள். கை நீட்டிக் கடிகாரத்தைத் தட்டினாள். என் பக்க முள் ஓட ஆரம்பித்தது.