பக்க எண் இல்லாத காட்சி

எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். அதைப் போட்டவனும் நான்தான். நாவலைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். நான் மருந்துக்கடைக்காரன், சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுத்துப் பழக்கமில்லை. புத்தகத்தைப் பிரிக்காமலே வந்து வாய் கிழியப் பேசுகிறவர்களை வேறு எப்படி அடக்குவதாம்? அது இப்படி ஒரு வீட்டின் தலையில் போய் விடியும் என்று தெரிந்திருந்தால், வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பேன்.

கடைக்குப் பின்னால் உள்ள அறையில், மாதம் ஒரு ஞாயிறு, மாலை நான்கு மணிக்குக் கூடுவோம். மொத்தம் ஐந்தே பேர். நான், ஓய்வுபெற்ற தபால்காரர், கணக்கு டீச்சர், கண்ணாடியக்கா, அவளுடைய தம்பி.

கண்ணாடியக்கா எங்கள் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் லென்ஸின் ஓரம் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் ஊருக்கே அக்கா. முப்பது வருடமாக அதே ஸ்டூல், அதே எந்திரம். யாரைப் பார்த்தாலும் முதலில் மூக்கைத்தான் பார்ப்பாள். தபால்காரர் ஏதோ ஆவேசமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, கேட்காமல் கொள்ளாமல் அவருடைய கண்ணாடியைக் கழற்றி, காம்பை வளைத்து, திரும்ப மாட்டிவிடுவாள். அவரும் பேச்சை நிறுத்த மாட்டார்.

அவளுக்குப் பதினாலு வயதானபோது அப்பா இறந்துவிட்டார் என்றுதான் நாங்கள் அறிந்திருந்தோம். தம்பிக்கு அப்போது மூன்று. அம்மா மருத்துவமனையில் துணி வெளுக்கப் போனாள். அக்கா பள்ளியை விட்டுக் கடையில் சேர்ந்தாள். தம்பியைப் படிக்கவைத்தாள். அவன் இன்று ஃப்ரிட்ஜ், ஏ.சி. பழுது பார்ப்பதில் கெட்டிக்காரன். கல்யாணம் ஒன்றைத் தவிர அவள் எல்லாம் செய்தாள் என்று டீச்சர் சொல்வார். அம்மா போய் ஐந்து வருடமாகிறது.

அந்த மாத நாவல் ஒரு குடும்பத்தின் ரகசியத்தைப் பற்றியது. புருஷன் ஓடிப்போனதைப் பிள்ளைகளிடம் மறைத்து, செத்துவிட்டார் என்று சொல்லி வளர்க்கிறாள் ஒரு தாய். அவர் எழுதும் கடிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிடுகிறாள். நாவலைத் தேர்ந்தெடுத்தது தபால்காரர். கடிதம் வந்தால் அவருக்குப் போதும்.

அன்று தம்பிதான் ஆரம்பித்தான்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம். கடிதத்த எரிக்கிறா பாருங்க, அந்த இடத்துலயே எனக்கு அவ மேல இருந்த மரியாதை போச்சு. பெத்த அப்பன் உயிரோட இருக்கான்னு பிள்ளைக்குத் தெரியக்கூடாதா? இவ யாரு முடிவு பண்றதுக்கு?"

"பிள்ளைங்க நல்லதுக்குத்தானேப்பா செஞ்சா?" என்றார் டீச்சர்.

"நல்லதாவது மண்ணாவது. என்னை யாராவது இப்படி ஏமாத்தியிருந்தா, சாகுற வரைக்கும் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் சட்டென்று கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"வாய்க்கு வந்தபடி பேசாதடா. உனக்கென்ன தெரியும்? அந்த ஆளு இத்தன வருஷம் கழிச்சு, காம்புல நூலச் சுத்திக்கட்டின கண்ணாடியோட கடைக்கு வந்து நிக்கிறாரு. பையனைக் கண்ணால ஒரு தடவ பாக்கணும்னு கெஞ்சுறாரு. அவ என்ன பண்ணுவா? 'நீங்க செத்துட்டீங்கன்னு நம்பிக்கிட்டு அவன் நிம்மதியா இருக்கான், அதைக் கெடுத்துடாதீங்க'ன்னுதான் சொல்ல முடியும். சொல்லும்போது அவ வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்னு யாராவது யோசிச்சீங்களா?"

நான் புத்தி கெட்டவன். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"எந்தப் பக்கம்?"

எல்லோரும் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்கள். டீச்சர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "கடையே கிடையாதே இந்த நாவல்ல. அவரு நேர்ல வரவே மாட்டாரே."

தபால்காரர் இன்னும் புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா கையிலிருந்த புத்தகம் மடியில் விழுந்தது. அவளைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கேட்ட வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"வேற நாவலோட குழப்பிக்கிட்டீங்களோ?" என்று கை கொடுத்தார் டீச்சர்.

"ஆமா," என்றாள் அக்கா. "வேற ஒரு புத்தகம்."

நானும் விடாமல் ஒத்து ஊதினேன். "எனக்கும் அப்படி ஆகும். நாலு கதை படிச்சா நாலும் கலந்துடும்."

தம்பி புத்தகத்தை மூடினான்.

"எந்தப் புத்தகம்?"

"பேரு ஞாபகமில்லடா."

"நீ படிக்கிற புத்தகம் எல்லாத்தையும் லைப்ரரில இருந்து நான்தான் எடுத்துட்டு வர்றேன். உனக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி நான் படிச்சிடுவேன். அப்படி ஒரு கதை வரலையே."

டீச்சர் மெதுவாக எழுந்து தபால்காரரின் தோளைத் தட்டினார். இருவரும் வெளியே போனார்கள். நானும் பின்னாலேயே எழுந்தேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். தனியாக அவனை எதிர்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"உயிரோட இருக்காரா?" என்றான் தம்பி.

அவள் தலையாட்டினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவரு வேற ஒருத்தியோட போயிட்டாருடா. செத்துட்டாருன்னு உங்கிட்ட சொன்னதே அம்மாதான். அவரு வந்தது அம்மா போனதுக்கு அப்புறம். மூணு வருஷம் ஆச்சு."

"ஒரு தடவ வந்தாரா?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லிவிடு தாயே என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஆனால் அவள் அன்றைக்குப் பொய் சொல்லிக் களைத்துப்போயிருந்தாள்.

"இல்ல. மாசத்துக்கு ஒரு தடவ வருவாரு. ஃபிரேம் ஆடுதும்பாரு, ஸ்க்ரூ லூசும்பாரு. எதுவும் இருக்காது. சும்மா மாட்டிப் பாத்துக் கொடுப்பேன். கொஞ்ச நேரம் எதிர்ல உக்காந்திருப்பாரு. உன்னைப் பத்திக் கேப்பாரு, சொல்லுவேன். அவ்வளவுதான்டா. உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான்..."

அவள் அழவில்லை. அவன்தான் அழுதுகொண்டிருந்தான், சத்தமே இல்லாமல். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ மூணு வருஷமா உனக்கு மட்டும் அப்பா இருந்திருக்காரு. இல்லக்கா?"