புண்ணாக்குச் சாக்கு

ஆஞ்சப்பனைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தக்காளியில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ராயக்கோட்டை மண்டியில் பன்னிரண்டு வருஷம் தக்காளிப் பெட்டி ஏற்றியவன். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து இருந்தாலும் வைக்கோலைத் திணிப்பான், சாக்கை மடித்துச் செருகுவான். அவன் ஏற்றிய லோடு சென்னைக்குப் போய் இறங்கும்போது ஒரு பழம்கூட நசுங்கியிருக்காது. "ஆஞ்சப்பன் லோடா? கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்று டிரைவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமையோடுதான் ஓசூரில் ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு வந்தான். அங்கே நீச்சல்குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற குளோரின் பவுடரை டிரம்மில் அடைத்து, கன்டெய்னரில் ஏற்றி, கப்பலுக்கு அனுப்புவார்கள். ஏற்றுகிற ஆட்களுக்கு ஆஞ்சப்பன்தான் தலைவன். பதினொரு வருஷமாகக் கான்ட்ராக்ட். வருகிற திங்கட்கிழமை பர்மனன்ட் ஆர்டர் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். சொல்லாமல் இருக்க அவனால் முடியுமா!

டெஸ்பேட்ச் அதிகாரி டெல்சி ஒவ்வொரு மாதமும் ஆட்களை நிற்க வைத்து ஒரே பாடம்தான் நடத்துவாள். "இந்தப் பவுடர் தானா எரியாதுண்ணா. எரியிற பொருளுக்கு மூச்சு குடுக்கும். எண்ண, வைக்கோலு, சாக்கு, துணி, எதுவும் கிட்ட வரக் கூடாது. சந்துல காத்துப்பை மட்டும்தான்." காற்றுப்பை என்றால் டிரம்களுக்கு நடுவே வைத்து ஊதிவிடுகிற பெரிய பை. டிரம் அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆஞ்சப்பனும் எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டுவான்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசி வரிசைக்கு முன்னால் இரண்டு காற்றுப்பைகள் ஊதும்போதே கிழிந்தன. ஸ்டோரில் வேறு இல்லை. டிரெய்லர் டிரைவர் வெங்கட், சாமல்பட்டிக்காரன், மணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மறுநாள் காலைக்குள் துறைமுகத்துக்குள் போகாவிட்டால் கப்பல் போய்விடும். டெல்சி மேடத்திடம் சொன்னால் லோடு நிற்கும். "ஆஞ்சப்பன் லோடு நின்னுச்சா?" என்று நாலு பேர் கேட்பார்கள். உத்தனப்பள்ளி வீட்டில் அவனுக்கு இரண்டு மாடு. கடலைப் புண்ணாக்கு வாங்கிய காலிச் சாக்குகளை மில்லில் திருப்பிக் கொடுக்கத் தன் டூவீலரில் கட்டி வைத்திருந்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? ஆறு சாக்கையும் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மடித்துச் சந்தில் திணித்தான். கடைசி வரிசை டிரம்கள் முன்னால் வந்து அதை மறைத்துக்கொண்டன. டெல்சி கதவுப்பக்கம் போட்டோ எடுத்தாள். சீல் போட்டார்கள். இரண்டு மணிக்கு வண்டி கிளம்பியது.

"உன் லோடுணா, திரும்பியே பாக்க மாட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போனான் வெங்கட்.

மூன்றரை மணிக்கு வீட்டில் மனைவி மாதேஸ்வரி துவைக்க எடுத்த சட்டையைக் கீழே போட்டுக் கத்தினாள். "ஏங்க, சட்ட சுடுதுங்க!"

பைக்குள் சுருட்டி வைத்திருந்த சட்டை. சாக்கைச் சுமந்த தோள்பட்டையில் புண்ணாக்கு எண்ணெய் பிசுபிசுத்தது. அதன் மேல் டிரம்மில் ஒட்டியிருந்த பவுடர் எப்படியோ பட்டிருந்தது. அந்த இடத்தில் மூன்று ஓட்டை, ஓரமெல்லாம் பழுப்பு. ஆஞ்சப்பன் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று இழுத்தான். ஒரு சிட்டிகைப் பவுடருக்கே இப்படியென்றால் அங்கே நானூறு டிரம்!

வெங்கட்டுக்கு இரண்டு தடவை போன் போட்டான். எடுக்கவில்லை. நாலு பத்துக்கு அவனே திரும்பக் கூப்பிட்டான்.

"பர்கூர் தாண்டி டீக்கு நிறுத்திருக்கேன்ணா. நானே கூப்பிடலாம்னு இருந்தேன். பின்னாடி லேசா பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்குது. மேடத்துக்குப் போன் போடட்டா?"

நிறுத்து, இறங்கித் தூரமாகப் போ என்று சொல்லத்தான் போன் போட்டான், சத்தியமாக. ஆனால் மேடம் என்ற சொல் காதில் விழுந்ததும் திங்கட்கிழமை கண் முன்னால் வந்து நின்றது. பாவி, வாய் தானாகவே பேசியது.

"மேடத்துக்கு எதுக்குடா? புது டிரம்மு, அப்பிடித்தான் வாசம் வரும். போய்ட்டே இரு, ஒண்ணும் ஆகாது."

"நீ சொன்னா சரிணா."

அதற்கப்புறம் நாற்பது நிமிஷம் ஆஞ்சப்பன் மாட்டுக்கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்தான். கடைசியில் டெல்சிக்குப் போன் போட்டுச் சாக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டான். அழுதுகொண்டே சொன்னான். வெங்கட் கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை.

டெல்சி தீயணைப்புக்குச் சொன்னாள், வெங்கட்டையும் கூப்பிட்டு நிறுத்தி இறங்கச் சொன்னாள். தீயணைப்பு ஆட்கள் போய்ச் சேருவதற்குள் கன்டெய்னர் கதவு ரப்பர் வழியாகப் புகை வரத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் வரிசையாகக் கடைகள், ஒரு பள்ளிக்கூட பஸ். வெங்கட் இறங்கி ஓடவில்லை. இருமிக்கொண்டே வண்டியை ஒரு கிலோமீட்டர் தள்ளி வெற்று நிலத்துக்குள் இறக்கி நிறுத்திவிட்டு, கீழே இறங்கியதும் விழுந்தான். தீயணைப்பு வண்டிகள் தண்ணீரைக் கொட்டி அணைத்தன. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கம்பெனியில் ஆஞ்சப்பனைத் திட்டவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். திட்டினார்கள்தான், ஆனால் முடிவில் முதுகிலும் தட்டினார்கள். "தப்பு பண்ணாலும் தானா வந்து சொன்னான் பாரு, அதுக்கு ஒரு தைரியம் வேணும்." ஆர்டர் ஒரு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஒவ்வொரு பாராட்டும் அவனுக்குச் செருப்படியாக விழுந்தது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனான். வெங்கட்டின் மனைவி காவியா அவனைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க மேடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லலன்னா இவரு பொணமாத்தான் வந்திருப்பாருணா." ஆஞ்சப்பனுக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. மூக்கில் குழாயோடு படுத்திருந்த வெங்கட் அவனைப் பார்த்தான். காவியா தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் ஈனக்குரலில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஆர்டர் குடுத்துட்டாங்களாணா?"

ஆஞ்சப்பன் எழுந்து வந்துவிட்டான். பஸ்ஸில் வரும்போது ஓசூர் வரைக்கும் அழுதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்குக் குறுகுறுக்கவில்லை, கொதித்தது.

அடுத்த வாரம் டெல்சி விசாரணை அறிக்கையோடு கூப்பிட்டாள். சாட்சியாக அவன் கையெழுத்துப் போட வேண்டும். அவளே படித்துக் காட்டினாள். வாசம் வந்தால் உடனே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்று வண்டியில் அட்டை ஒட்டியிருக்கிறது. டிரைவர் யாருக்கும் சொல்லவில்லை. ஆகையால் இனி அவருக்கு இந்த வண்டி தர வேண்டாம்.

"வெங்கட்டக் கேட்டீங்களா மேடம்?"

"கேட்டோம்ணா. வாசம் வந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாரு. யாருக்காவது சொன்னீங்களான்னு கேட்டதுக்கு, இல்லன்னுட்டாரு. பாவம், ஏன் சொல்லாம விட்டாருன்னுதான் புரியல." பேனாவை நீட்டினாள்.

ஆஞ்சப்பன் பேனாவை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து, அழைப்புகள் வரிசையில் அந்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிக்கொண்டு போய், மேஜைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான். வெங்கட், நாலு பத்து, இரண்டு நிமிஷம்.

டெல்சி அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "என்னண்ணா பேசுனீங்க?"

"மேடத்துக்குச் சொல்லட்டான்னு கேட்டான் மேடம்" என்றான் ஆஞ்சப்பன். "போய்ட்டே இரு, ஒண்ணும் ஆகாதுன்னு நாந்தான் சொன்னேன்."