ஹாக்கி மட்டையோடு மூன்று பெண்கள்

சுங்கை பினாங் அடுக்குமாடியில் மோகனாக்காவைத் தெரியாதவர் இல்லை. எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் கழிவறையைப் பார்த்துவிட்டு வருவார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மண்டபக்காரருக்கு அன்று அர்ச்சனைதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தபோதும் அப்படியே. அவருக்குக் கீழே வேலை செய்த எந்தப் பெண்ணும் 'அவசரம்' என்று கெஞ்சி நின்றதில்லை.

இந்தக் குணத்தை அவருக்குக் கொடுத்தது அவர் படித்த பள்ளிக்கூடம். எழுபதுகளில் அங்கே எல்லாமே தலைகீழாகிக்கொண்டிருந்தது. பாடமொழி மாறியதால், ஆங்கிலத்தில் முழங்கிய வாத்தியார்கள் அகராதியும் கையுமாக மலாய் படித்தார்கள். மாணவர்களைப் பிரித்துவைத்த விளையாட்டு இல்லங்களுக்கு இருந்த வெள்ளைக்காரத் துரைமார் பெயர்கள் போய் மலாய் வீரர்களின் பெயர்கள் வந்தன. அந்த அமளியில்தான், ஆண்கள் மட்டுமே படித்த பள்ளியின் ஆறாம் படிவத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அந்த வகுப்பில், மோகனா, நோர்மா, தனலெட்சுமி என்று மூன்று பெண்களைச் சேர்த்தார்கள். அத்தனையையும் மாற்றிய புண்ணியவான்கள் பெண்களுக்கு ஒரு கழிவறை கட்ட மறந்துபோனார்கள்.

கடைசியில் ஆசிரியைகளின் கழிவறைச் சாவியைக் கொடுத்தார்கள். தொலைந்துவிடக் கூடாதாம்! அலுவலகக் கிராணி அதை ஒரு பழைய ஹாக்கி மட்டையில் கட்டிவிட்டார். மட்டையோடு ஒரு பெண் நடந்தால் எங்கே போகிறாள் என்று பள்ளிக்கே தெரியும். பையன்கள் விசிலடித்தார்கள். தனலெட்சுமி வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

மோகனாவுக்கு வந்ததே கோபம்! விளையாட்டு அறையிலிருந்து இன்னும் இரண்டு மட்டைகளைத் தூக்கி வந்தார்.

"இனிமே மூணு பேரும் நாள் முழுக்க இதத் தூக்கிக்கிட்டே சுத்துவோம். எவ போறா, எப்பப் போறான்னு எவனுக்குத் தெரியும்?"

திட்டம் பலித்தது. கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டது. வகுப்பிலும் கேண்டீனிலும் மட்டையை விடாத மூவரையும் பார்த்து விளையாட்டு வாத்தியார் சுப்பையா உருகிப்போனார். 'நம் பள்ளியின் முதல் ஹாக்கிப் பெண்கள்' என்று நிற்கவைத்துப் படமும் பிடித்துவிட்டார். ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை என்று சொல்ல மூவருக்கும் நாக்கு எழவில்லை.

இந்த வருடம் பள்ளியில் எழுபதுகளின் வரலாற்றுக் கூடம் திறந்தார்கள். நட்டநடுவில் அந்தப் படம். கீழே மூன்று பெயர்களும், 'பெண்கள் ஹாக்கியின் முன்னோடிகள்' என்ற வரியும். முதல்வர் ஷேக் அலாவுதீன் மோகனாக்காவைப் பேச அழைத்திருந்தார். உண்மையைச் சொல்வதா? வாழ்நாளில் முதன்முறையாகச் சுவரில் பெயர் ஏறியிருக்கிறது, ஆசை யாரை விட்டது?

விழாவுக்கு வந்திருந்த நோர்மா அவர் காதைக் கடித்தார். "வாயத் தொறக்காதடி! பேரப்புள்ளைங்கல்லாம் வந்திருக்கு. சொன்னா நம்ம பேரக் கழட்டிடுவாங்க லா."

"சரிடி, சொல்லல," என்ற மோகனாக்கா, பழக்கதோஷத்தில் மாணவிகளின் கழிவறையைப் பார்க்கப் போனார். கதவில் பூட்டு. பின்னாலேயே ஆறாம் படிவ மாணவி நூர் ஃபாத்திஹா ஓடி வந்தாள். கையில் ஒரு பூப்பந்து மட்டை, அதில் சாவி தொங்கியது.

"ஏம்மா பூட்டி வச்சிருக்காங்க?"

"அசிங்கம் பண்றாங்கன்னு பூட்டிட்டாங்க ஆன்ட்டி. ஆபீஸ்லதான் சாவி வாங்கணும். மட்டையப் பாத்தாலே பையனுங்க சிரிப்பானுங்க. அதான் நான் தண்ணியே குடிக்கிறதில்ல. முடியாதப்பதான் இப்படி ஓடி வர்றேன்."

மோகனாக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரை நூற்றாண்டு போயும் இதே கூத்தா? தனலெட்சுமியின் வறண்ட உதடு கண்ணுக்குள் வந்து நின்றது.

அவள் வெளியே வந்ததும் அந்தப் பூப்பந்து மட்டையை வாங்கிக்கொண்டு மேடை ஏறினார். ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. நோர்மா தலையில் அடித்துக்கொண்டார். முடித்ததும் மோகனாக்கா மட்டையை முதல்வர் கையில் திணித்தார்.

"சார், எங்க பேரக் கழட்டினாலும் பரவால்ல. மொதல்ல அந்தப் பூட்டக் கழட்டுங்க."

சிரிப்பு நின்றது. பின்வரிசை மாணவிகள்தான் முதலில் கை தட்டினார்கள்.

பூட்டு அன்றைக்கே கழன்றது. மூன்று பெயர்களும் சுவரிலேயே இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே உள்ள வரியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்: 'இவர்கள் ஹாக்கி ஆடப் போகவில்லை. கழிவறைக்குப் போகிறார்கள்.'