சாக்குக்கு ரெண்டு கிலோ

பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது என் தொழில். இதே வேலையில் தொண்டை கட்டியவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பார்த்தாலே தெரிகிறது

என் வகுப்பில் மூத்த மாணவி செல்வியக்கா. என்னைவிட வயதில் பெரியவர். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. அங்கே பொறுப்பாளர் வேலை காலியாகப் போகிறது. கணக்கில் பாஸ் இருந்தால்தான் அது கிடைக்கும். ஏற்கெனவே எழுதிக் கோட்டைவிட்டவர், இதுதான் கடைசி முயற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

முதல் நாளே கேத்திர கணிதம். இருசமபக்க முக்கோணி ஒன்றை வரைந்து, அடிக்கோணங்கள் இரண்டும் சமம் என்று நிறுவச் சொன்னேன். பிள்ளைகள் பேனாவைக் கடித்தார்கள். செல்வியக்கா படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாத்தாலே சமம்னு தெரியுதே டீச்சர், யாராவது இல்லைன்னு சண்டைக்கு வந்தாங்களா?"

சாக்கும் ஈரமும்

அட்சரகணிதம் கொஞ்சம் தோட்டத்து வாசனையோடு இருந்தால் மண்டையில் ஏறும் என்று நானே ஒரு கணக்குக் கட்டினேன். ஒருத்தி காலையில் x கிலோ கொழுந்து எடுத்தாள், பின்னேரம் அதைவிட நான்கு கிலோ கூட, மொத்தம் இருபது. காலையில் எடுத்தது எவ்வளவு? எட்டு வரவேண்டும். செல்வியக்கா ஆறு என்று எழுதியிருந்தார். அவர் மட்டுமென்றால் பரவாயில்லை, பின் பெஞ்சு முழுக்க ஆறுதான். சமன்பாடு சரி, எட்டும் வந்திருக்கிறது. அதற்குக் கீழே ஆளாளுக்கு இரண்டைக் கழித்து வைத்திருந்தார்கள்.

கொழுந்தை நிறுக்கும் தராசடியில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று தோட்டத்தில் இரண்டு கிலோ கழிப்பது எனக்குத் தெரியாததல்ல, நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் பரீட்சையில் சாக்குக்குக் கனமில்லை, கேள்வியில் சொல்லாததைக் கழிக்கக் கூடாது என்று வகுப்பு முடியும்வரை கெஞ்சினேன். செல்வியக்கா அந்த வரியை வெட்டிக்கொண்டே சொன்னார்: "அப்படியொரு தோட்டம் இருந்தா சொல்லுங்க டீச்சர், நாளைக்கே பேர் பதிஞ்சுக்கிறேன்."

பரீட்சை வாசலில்

கணக்குப் பேப்பர் அன்று காலையில், மண்டப வாசலில் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பயத்தில் அழுதிருக்கிறார்கள். செல்வியக்கா முகத்தைத் துடைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கவைத்து, உள்ளே கூட்டிப்போயிருக்கிறார். தானும் பரீட்சை எழுதத்தான் வந்தோம் என்பது மேசையில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்ததாம். சாயந்திரம் போனில் சொன்னார்: "அதுங்களைத் தேத்துனதுல நான் பயப்பட மறந்துட்டேன் டீச்சர்."

ரிசல்ட்டுக்குப் பிறகு

செல்வியக்காவின் பரீட்சைச் சுட்டெண்ணைப் போனில் அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். என் சொந்த ரிசல்ட்டுக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை. திறந்து பார்த்தால், கணிதம்: எஸ். சாதாரண சித்தி, பாஸ்களில் கடைசிப் படி, அது போதும். கூப்பிட்டுச் சொன்னதும் அந்தப் பக்கம் குழந்தைகளின் சத்தத்துக்கு நடுவே அவர் அழுதார். நானும் அழுதேன்.

பொறுப்பாளர் வேலை கிடைத்தது. ஒரு ஞாயிறு வகுப்புக்கே பருப்பு வடையோடு வந்தார். புது வேலை எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "பிள்ளைங்க இப்ப என்னைய டீச்சர்னு கூப்பிடுதுங்க. ஒவ்வொரு தடவையும் நீங்கதான் வந்துட்டீங்களோன்னு பதறித் திரும்பிப் பாக்குறேன்."

பஸ்ஸில் என்னைக் கண்டால் ஏ எடுத்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள், எஸ் எடுத்தவர்கள்தான் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.