அடி படாத டப்பா

டியூப் லைட்டுக்கு நேர் கீழே நின்று டப்பாவை இடது பக்கம் சாய்க்கிறார், வலது பக்கம் சாய்க்கிறார், பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் முதுகைப் பார்க்கிறார் துலுக்கானம். கையில் வெள்ளைக் காட்டன் உறை. மின்விசிறியை நிறுத்திவிட்டார், தூசு வந்து ஒட்டுமாம். வியர்வை சொட்டிவிடக் கூடாதென்று நெற்றியில் ஒரு துண்டு வேறு.

"சார், கொஞ்சம் மூச்ச அந்தாண்ட உடு. ஆவி பட்டா மங்கிப்புடும்" என்கிறார் என்னிடம்.

அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன் நான். தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல இறங்கி வந்தவன், மோட்டாரையும் மறந்து முகத்தைத் திருப்பி மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறேன். அயனம்பாக்கத்தில் வேறு எந்த வீட்டுக்காரரும் குடித்தனக்காரனை இப்படி நடத்த மாட்டார்.

சினிமா டிஸ்க் பிளாஸ்டிக் பெட்டியில் வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். சில படங்களுக்கு மட்டும் வெளிநாட்டுக் கம்பெனிகள் தகட்டில் ஒரு சிறப்புப் பெட்டி போடுகின்றன. புத்தகம்போலத் திறக்கும், மேலே படம் அச்சடித்து, எழுத்துகளைத் தடவிப் பார்க்கிற மாதிரி புடைப்பாக வைத்திருப்பார்கள். கொஞ்சம்தான் போடுவார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். 'ஸ்டீல் கேஸ்' என்று மரியாதையாகச் சொல்வார் துலுக்கானம். அவர் மனைவி ராணிக்கு அது வெறும் தகரம். நான் டப்பா என்கிறேன், நடுநிலை.

பிழைப்பும் தகட்டோடுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்கூட்டருக்கு மூடிகளும் மட்கார்டுகளும் அடிக்கிற ஒரு பட்டறையில் தரம் பார்ப்பவர். பிரஸ்ஸிலிருந்து விழுகிற பீஸை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, நெளிவு இருந்தால் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு மை வைப்பார். அந்த வார்த்தை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தக்காளி ரிஜெக்ட். மைத்துனன் பார்த்துவைத்த மனை ரிஜெக்ட். நான் மாடிக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிப் பார்த்து, "இன்னா சார் இது, காலு ஒரு பக்கமா இஸ்துகினு கீது, ரிஜெக்ட்டு" என்றார். அவர் சொன்ன மாதத்திலேயே அது உடைந்து நான் விழுந்தேன் என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை முகப்பேரிலிருந்து ஹேமநாதன் வருவார். அவரும் இதே பைத்தியம்தான், ஆனால் விலை தெரிந்த பைத்தியம். வாங்கிச் சேர்க்கிறவர்களுக்குள் எந்த டப்பா என்ன போகும் என்று அவரைத்தான் கேட்பார்கள். முதல் அச்சா, மேல் உறை பிரிக்காததா, பின்னால் ஒரு சொட்டுப் பசையில் நிற்கிற அட்டை அப்படியே இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேல், நாலு மூலையும். மூலையில் பொட்டளவு நெளிவு இருந்தால் விலை பாதியாகிவிடும். மொத்தப் பெட்டியும் புத்தம் புதிதாக இருந்து மூலையில் மட்டும் அடி பட்டிருந்தால் ஹேமநாதன் உச்சுக்கொட்டுகிற சத்தம் மாடிவரை கேட்கும். துக்க வீட்டில்கூட அவர் அப்படி உச்சுக்கொட்டிப் பார்த்ததில்லை.

இவற்றைப் பாதுகாப்பது ஒரு தனிக் குடித்தனம். படுக்கையறை பீரோவில் ராணியின் பட்டுப்புடவைகள் பரணுக்குப் போய், டப்பாக்கள் குடியேறிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிப் பையில் ஒரு சட்டை. படுக்கவைக்கக் கூடாது, நிற்கவைக்க வேண்டும். நெருக்கியும் வைக்கக் கூடாது. தட்டு முழுக்க ஈரம் உறிஞ்சுகிற குட்டிப் பொட்டலங்கள். தெருவில் யார் வீட்டில் புதுச் செருப்பு வாங்கினாலும் அந்தப் பொட்டலம் துலுக்கானத்துக்கு வந்துவிடும். ஏரிக்காற்று எங்கள் தெருவுக்கு வரம், தகட்டுக்குத் துரு. மழைக்காலம் வந்தால் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வைப்பார்.

"எனக்குக் குளிர் ஜொரம் வந்தப்போ ஒரு கம்பளி எட்த்து போத்தல சார் இந்த ஆளு. தகரத்துக்கு லைட்டு போட்டு குளிர் காயவுட்டுகினு கீறாரு" என்று ராணி என்னிடம் முறையிட்டார்.

"ஒனக்கு துரு புடிக்காதுடி" என்றார் துலுக்கானம் உள்ளேயிருந்து.

இத்தனையும் இருக்கிறதே, படம் பார்ப்பாரா? மாட்டார். டிஸ்க் போடுகிற பெட்டி பழுதாகி டிவிக்கு அடியில் கிடக்கிறது. ஏன் சரி செய்யவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். "புள்ள வரட்டும் சார். வந்தா ஒண்ணா குந்திகினு பாக்கலாம். தனியா பாத்து இன்னாத்துக்கு?" என்றார். எல்லா டப்பாக்களும் காத்திருப்பது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பிள்ளை என்றால் ஒரே மகள், சிம்ரன். பிறந்த காலத்தில் துலுக்கானம் வாரம் தவறாமல் தியேட்டரில் இருந்தார் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பத்தில் முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்தவள். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன முதல் வருடம் தீபாவளிக்கு வந்தாள். கைப்பையில் ஸ்வெட்டருக்குள் சுருட்டி ஒரு டப்பா கொண்டுவந்தாள். அந்த ஸ்வெட்டர்கூட இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அப்புறம் மூன்று வருடமாக வரவில்லை. ஆள் பற்றாக்குறை, இரவு வேலை, லீவு இல்லை, டிக்கெட் விலை. காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான், அதுதான் கொடுமை. சண்டை போடவும் வழியில்லை.

அவள் அங்கே தேடிப்பிடித்து ஒரு டப்பா வாங்கிவைத்திருக்கிறாள். பனியில் ஓடுகிற ஒரு ரயிலைப் பற்றிய படம். சிம்ரன் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆவடியில் ஒரு தியேட்டரில் தமிழில் பேசவிட்டு ஓடியது. கூட்டமான கூட்டமாம். ஒரே சீட்டில் அவர் மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். "குளிருது நைனான்னு என் சொக்காய்க்குள்ள பூந்துகினா சார். ஏசியே இல்லாத தேட்டரு. படத்துல பனியப் பாத்து இவளுக்குக் குளிருது!" இதைச் சொல்லும்போது துலுக்கானம் சட்டையின் மேல் பட்டனைத் தொட்டுக்கொள்கிறார். அந்தப் படத்தின் ஸ்டீல் கேஸுக்கு ஹேமநாதனே எட்டு வருடமாக அலைகிறார்.

"கொரியர்ல போட்டுடட்டுமா நைனா?" என்று சிம்ரன் அப்போதே கேட்டாள்.

"வோணாம்மா. தூக்கிப் போட்டு தூக்கிப் போட்டு மூலைய நசுக்கிடுவானுங்க. நீ வரும்போது கையில எட்த்துகினு வா."

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மத்தியானம் வீடியோ காலில் அந்த டப்பாவைக் காட்டச் சொல்வார். அவளும் ராத்திரி டியூட்டி முடித்த தூக்கக் கண்ணோடு தூக்கிப் பிடிப்பாள். "கொஞ்சம் எறக்கு… வெளிச்சம் அடிக்கிது. இன்னும் எறக்கு. இன்னும் கொஞ்சம்… ஆங், இப்ப சோக்கா தெரிது." ஒரு தடவை நான் எட்டிப் பார்த்தேன். திரையில் டப்பாவே இல்லை. அவள் முகம் மட்டும்தான் இருந்தது.

ஹேமநாதன் கேட்காமல் இருப்பாரா? "பத்திரமா கொண்டாந்து குடுக்க ஆளுங்க கீறாங்க அண்ணாத்தே, நான் சொல்லி உடட்டா?" என்றார். துலுக்கானம் காது கேளாதவர் மாதிரி டீ ஆற்றினார். ஹேமநாதன் போனதும் ராணி பிடித்துக்கொண்டார்.

"பொண்ண பாக்கணும்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாய்யா? வாயில கொயக்கட்டையா வெச்சிகினு கீற? தகரத்த சாக்கு சொல்லிகினு!"

"லீவு கெடைக்காத புள்ளைகிட்ட வான்னு சொன்னா அங்க குந்திகினு அயுவும். டப்பான்னா சிரிக்கும். அது சிரிச்சிகினே வரட்டுமே."

ராணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். நானும் மாடிக்குப் போயிருக்கலாம். போக மனம் வரவில்லை.

இந்தப் பொங்கலுக்கு மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். சௌம்யா. பூந்தமல்லிக்காரி, சிம்ரனோடு வேலை செய்பவள், லீவில் வந்திருக்கிறாள். அவளுக்குக் கிடைத்திருக்கிறது. பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின், அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் துணி, துணிக்குள் அந்த டப்பா என்றாள்.

"மடியிலயே வெச்சிகினு வந்தேன் அங்கிள். மேல வெக்க உடல, கீழ வெக்க உடல, சிம்ரன் அவ்ளோ கண்டிஷன். நைனா பாவம், மூணு வருஷமா இதுக்கோசரம் ஏங்கினு கீறாருன்னு சொன்னா."

துலுக்கானம் டின்னை இரண்டு கையாலும் வாங்கி டிவிமேல் வைத்துவிட்டார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்தப் பெண்ணைக் கேள்வியாகக் கேட்டார். சிம்ரன் இளைத்துவிட்டாளா? ரூமில் ஹீட்டர் வேலை செய்கிறதா? ராத்திரி டியூட்டி முடிந்து தனியாகவா நடந்து வருகிறாள்? சோறு ஆக்குகிறாளா, ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுகிறாளா? சௌம்யா சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ராணி கொடுத்த பொங்கலைச் சாப்பிட்டாள். அவள் போன ஆட்டோ ஏரிக்கரைப் பக்கம் திரும்பும்வரை துலுக்கானம் வாசலிலேயே நின்றார்.

உள்ளே வரவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. ராணி எடுத்து, வீடியோ தெரிகிற மாதிரி டம்ளரில் சாய்த்து மேசைமேல் நிறுத்தினார்.

"வந்துச்சா நைனா? பிரிச்சியா? ஷாக்காயிட்டியா?" சிம்ரனுக்கு மூச்சு முட்டுகிற சந்தோஷம். "இந்த வருஷமும் லீவு போச்சு. அதான் அதயாவது அனுப்பிடலாம்னு. ஒயுங்கா பாரு. ஒரு அடி கிடி இருந்தாலும் சொல்லு, வேற ஒண்ணு தேடிப் புடிச்சி அடுத்த வருஷம் நானே கையில எட்த்துகினு வந்துடறேன்."

"வருவியா?"

"சத்தியமா வர்றேன் நைனா. ஆனா அடி பட்டிருக்காது, நானே பேக் பண்ணேன்!"

"இரும்மா, பாத்துட்டு சொல்றேன்."

டின்னைத் திறந்தார். பனி, ரயில், முன்னால் ஒரு சிவப்பு விளக்கு. தடவினால் விளக்கு மட்டும் விரலில் தட்டுப்படும் என்றார் முன்பு, இப்போது தடவவில்லை. படுக்கையறை டியூப் லைட்டுக்குக் கீழே போய் இடது பக்கம் சாய்த்தார், வலது பக்கம் சாய்த்தார். நாலு மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பவும் முதல் மூலையிலிருந்து பார்த்தார். நெளிவு இல்லை, கீறல் இல்லை, பின் அட்டை கூட அசையவில்லை. அம்பத்தூரில் ஆயுசு முழுக்கக் குறை கண்டுபிடித்தவருக்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை. ராணி கதவருகே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, சத்தத்தையே காணோம்?" என்றது போன்.

கைக்கு உறை போடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். டப்பாவின் கீழ் மூலையை பீரோவின் இரும்பு விளிம்பில் வைத்து, கட்டைவிரலால் ஊன்றி ஒரு அழுத்து அழுத்தினார். 'டக்' என்றது. விரலை எடுத்து நெளிவைப் பார்த்துவிட்டு, கூடத்துக்கு வந்து, அந்த மூலையைப் போனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.